கைகோத்த கம்பெனி

மின்விசிறி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிக்‌ஷனரி என்பார்கள். வயதில் சின்னவர்கள் டிக்‌ஷனரி அக்கா என்பார்கள். இருபத்து மூன்று வயதில் டைப்பிஸ்ட்டாக உள்ளே நுழைந்தவளுக்கு இப்போது நாற்பத்தெட்டு. தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழில் எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது அவள் வேலை. பெயிண்ட் அடிக்கும் இடத்தில் முகமூடி கட்டாயம் என்பதிலிருந்து, கேன்டீன் தட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள் என்பது வரை எல்லாம் அவள் எழுதி டைப் செய்ததுதான்.

சம்பளமில்லாத வேலை ஒன்றும் இருந்தது. மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஆட்கள் காகிதங்களோடு அவள் மேஜைக்கு வந்துவிடுவார்கள். டாக்டர் சீட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம். ஒருத்தர் மூட்டு வலிச் சீட்டை நீட்டி, "ஜாயின்ட்னு போட்டிருக்காங்களே, யாரோட சேர்ந்து வைத்தியம் பார்க்கணும்?" என்று கேட்டிருக்கிறார். அவள் சிரிக்காமல் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

சேர்வது பற்றிய ஆங்கில வார்த்தைகள்தான் தொழிற்சாலையில் அதிகம் புழங்கும், அதிகம் குழப்பும் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது. யூனியன் என்று ஆட்கள் சொன்னால் அது நெஞ்சை நிமிர்த்தும் வார்த்தை. அதையே மேனேஜர் சொல்லும்போது விளக்கெண்ணெய் குடித்த முகமாக இருக்கும். கோஆபரேட் பண்ணுங்க என்று மேலே இருப்பவர் சொன்னால் வாயை மூடு என்று அர்த்தம். கீழே இருப்பவர் சொன்னால் கொஞ்சம் கண்டும் காணாமல் இருங்கள் என்று அர்த்தம். பார்ட்னர் என்று ஒருவன் தோளில் கை போட்டால் பையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அலையன்ஸ் என்ற வார்த்தை அவள் வீட்டுக்குள் வந்தது இருபத்தைந்தாவது வயதில். அப்பா செய்தித்தாளுக்கு மூன்று வரி விளம்பரம் எழுதி, "ஸ்பெல்லிங் சரியா பாரும்மா" என்று அவளிடமே கொடுத்தார். தன் கல்யாண விளம்பரத்துக்குத் தானே பிழை திருத்திக் கொடுத்தவள் அவள். அதில் ஒரு பிழை இருந்தது. திருத்தினாள்.

வந்தவர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தார். நல்ல மனுஷன். குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. சண்டைகூடக் கிடையாது. சண்டை வந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது வந்திருக்கும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஒட்டாமல் பதினோரு வருஷம் போயிற்று. நான்காவது வருஷம் ஒரு குழந்தை ஆறு மாதத்தில் வயிற்றிலேயே இறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவர் மின்சார பில் கட்டப் போனார். அவள் துணி மடித்து வைத்தாள். அதைப் பற்றி இரண்டு பேரும் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று அப்போது மரத்துப்போனது. எப்போது சரியாகும் என்று கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள்.

பிரிவதென்று முடிவானபோது வக்கீல் ஆங்கிலத்தில் மனு தயார் செய்தார். அதை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து அவர் கேட்டார்: "இதுல ஜாயின்ட் பெட்டிஷன்னு இருக்கே, அப்படின்னா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து போடற மனு."

"சேர்ந்தா?"

"ஆமா. பிரியறதுக்குச் சேர்ந்து."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். பதினோரு வருஷத்தில் இரண்டு பேரும் ஒன்றாகச் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

அதன் பிறகு தங்கை வந்து அவளோடு தங்கினாள். அவளைவிடப் பத்து வயது சின்னவள். அக்கா கிணற்றில் போட்ட கல் என்றால் தங்கை வாய் ஓயாத அருவி. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "அக்காவுக்கு வந்த அலையன்ஸைத்தான் பக்கத்துல இருந்து பார்த்தாச்சே, ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு போதும்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். அவளை வைண்டிங் பிரிவில் சேர்த்துவிட்டது அக்காதான். மின்விசிறியின் வயிற்றுக்குள் இருக்கும் இரும்பு வளையத்தில் செம்புக் கம்பியைச் சுற்றும் வேலை. ஒரு சுற்று குறைந்தாலும் விசிறி முனகும். அறுபத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவார்கள். தங்கையின் விரல் நுனிகளில் எந்தச் சோப்புக்கும் போகாத வார்னிஷ் வாசம் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பக்கக் கடிதம் வந்திருந்தது. வேறொரு ஊரில் இருக்கும் பெரிய மோட்டார் கம்பெனி இந்தக் கம்பெனியை அப்சார்ப் செய்துகொள்கிறது என்றும், ஊழியர்கள் முழு ஒத்துழைப்புத் தர வேண்டும் என்றும் இருந்தது. கடிதத்தில் ஆறு இடத்தில் சேர்வதற்கான வார்த்தைகள்; ஆறும் வேறு வேறு. அவள் போய் எழுதிக்கொண்டு வந்தாள்.

"நமது நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் தன்னுள் எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு நமது நிறுவனம் தனியாக இருக்காது."

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது, சாவுச் செய்தி மாதிரி இருக்கு?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் சார் இருக்கு."

"இங்கிலீஷ்ல நாசூக்கா இருக்கு. நீங்க தமிழ்ல போட்டு உடைக்கறீங்க. ரெண்டு நிறுவனமும் கைகோக்குதுன்னு போடுங்க. கேட்கவும் நல்லா இருக்கும்."

"கைகோக்கறதுன்னா கடைசியில ரெண்டு கையும் மிச்சம் இருக்கணும் சார்."

இதை அவள் சூடாகச் சொல்லவில்லை. அகராதியில் இருப்பதை ஒப்பிப்பது போலத்தான் சொன்னாள். மேனேஜர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கொஞ்சம் கோஆபரேட் பண்ணுங்கம்மா" என்றார்.

அவள் திரும்பிப் போய் மாற்றி எழுதினாள். பயந்து எழுதினாள் என்று சொல்ல முடியாது, பயமே இல்லை. வெட்கமும் இல்லை. சாப்பாட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது, அதற்குள் முடித்துவிடலாம் என்று மட்டும் நினைத்தாள். "நமது நிறுவனமும் பெரிய நிறுவனமும் கைகோக்கின்றன." கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. போர்டில் நான்கு மூலையிலும் ஊசி குத்தி நிறுத்தினாள்.

கீழே ஒரே சந்தோஷம். யூனியன் செயலாளர் படியேறி மேலே வந்தார். அவருக்குப் பட்டப்பெயர் மைக். அவர் பேசினால் மைக் தேவைப்படாது என்பதால். "டிக்‌ஷனரி, நீ சரியா சொல்லு. இங்கிலீஷ்ல என்ன வார்த்தை போட்டிருக்கான்?"

"அப்சார்ப்."

"அப்சார்ப்னா வேலைக்கு எடுத்துக்கறதுதானே? எங்க சித்தப்பா மகன் மூணு வருஷம் தற்காலிகமா இருந்தான். அப்புறம் அப்சார்ப் பண்ணிட்டாங்க. பர்மனென்ட் ஆயிட்டான்."

"அப்படியும் ஒரு அர்த்தம் இருக்கு."

"அது போதும் எனக்கு!" என்று அவர் திரும்பினார். படியில் இறங்கும்போதே, "எல்லாரையும் எடுத்துக்கறாங்கப்பா!" என்று அவர் கத்தியது மூன்று பிரிவுக்கும் கேட்டது.

எடுத்துக்கொள்ளப்படுவது கம்பெனி, அதற்குள் இருக்கும் ஆட்களைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. இந்த ஒரு வரியை அவள் சொல்லியிருக்கலாம். மைக் இன்னும் பாதிப் படியில்தான் இருந்தார். அவள் அடுத்த காகிதத்தை எடுத்தாள். கம்பெனி பஸ் நேர மாற்றம்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது தங்கை கேட்டாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் மோட்டார் ரீவைண்டிங் கடை பெரிதாகத் திறக்கப்போகிறார். எட்டுப் பேருக்கு மேலாளாக வரச் சொல்லித் தங்கையைக் கூப்பிட்டிருந்தார். கரும்பு தின்னக் கூலியா என்று தங்கை பத்து நாளாகக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தம்மாகிட்ட வரலன்னு சொல்லிடட்டுமா? பெரிய கம்பெனின்னா இங்கயே நல்லா இருக்குமே. அதான் கைகோக்கறாங்களே."

பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. "உன் இஷ்டம்" என்றாள் அக்கா.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வாசல் பலகை மாறியது, அடையாள அட்டை மாறியது. பிறகு ஒரு கடிதம் வந்தது. பெரிய கம்பெனியில் கம்பி சுற்றுவதற்கு மெஷின்கள் இருக்கின்றன. ஆகவே இங்கே வைண்டிங் பிரிவு மூடப்படுகிறது. கூடவே அறுபத்திரண்டு பெயர்கள். கடிதத்தைத் தமிழாக்கிப் பெயர்களையும் அவள் டைப் செய்தாள். ஐம்பத்து மூன்றாவது வரியில் தங்கை இருந்தாள். அந்த வரியிலும் ஓர் எழுத்துப் பிசகவில்லை. பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். அன்றைய சாப்பாடு ருசியாக இருந்தது என்பதுதான் பின்னால் அவளுக்கு ஞாபகம் வந்து வந்து போனது.

சாயங்காலம் வீட்டில் தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா அக்கா?"

"எது?"

"கைகோக்கலன்னு."

"தெரியும்."

"பஸ் ஸ்டாப்புல நான் கேட்டப்பவே?"

"ஆமா."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் உண்மையாகவே தேடிப் பார்த்தாள். தனக்குள் எங்கேயாவது ஒரு காரணம் கிடக்கும், எடுத்துக் கொடுக்கலாம் என்று துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. "தெரியல. சொல்லணும்னு தோணல" என்றாள்.

தங்கை அழவில்லை, கத்தவில்லை. "நீ கெட்டவளா இருந்தாக்கூடப் பரவாயில்லக்கா. நாலு வார்த்தை திட்டிட்டு ஆத்திக்குவேன். நீ என்னன்னே எனக்குப் புரியல" என்றாள். அன்றிலிருந்து தன் பாயைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள். ரீவைண்டிங் கடை அம்மாள் வேறு ஆளை வைத்துவிட்டிருந்தார். வாய் ஓயாதவள் வாயை மூடியதில் வீட்டில் குழாய் சொட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

யூனியன் தொழிலாளர் அலுவலகத்தில் முறையிட்டது. மைக்கின் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்தத் தமிழ் நோட்டீஸ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் அந்தச் சோற்றுக்குக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்களே என்பது அவர் வாதம். கம்பெனி வக்கீலோ, ஆங்கிலக் கடிதம்தான் செல்லும், தமிழில் இருப்பது மொழிபெயர்த்தவரின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தார்.

மேனேஜர் மறுபடி அவளை அறைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறேன் என்று மூன்று வரி.

"சும்மா ஒரு கையெழுத்துதாம்மா. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

அவள் படித்தாள். இருபத்தைந்து வருஷத்தில் யாரும் அவள் எழுதியதில் பிழை என்று சொன்னதில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சட்டைக் கழுத்தில் முடித் துணுக்கு குத்துவது போல ஏதோ ஒன்று உறுத்தியது, அவ்வளவுதான்.

"பிழை இல்ல சார்" என்றாள்.

"என்னம்மா?"

"பிழைன்னா தெரியாம வர்றது. இது தெரிஞ்சு எழுதினது. நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன்."

"யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சுட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். டீ ஆறிப்போயிருந்தது. உண்மையில் அவள் யோசிக்கவே இல்லை.

அடுத்த விசாரணை நாளில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். யாரும் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை. பச்சைத் துணி விரித்த நீள மேஜை. ஒரு பக்கம் மேனேஜரும் வக்கீலும், எதிர்ப்பக்கம் மைக்கும் வைண்டிங் பெண்கள் நாலு பேரும். அவர்களில் தங்கையும் இருந்தாள். தலைப்பக்கம் விசாரணை அதிகாரி, சளி பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. அக்கா தன் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த இரண்டு காகிதங்களை மேஜைமேல் வைத்தாள். முதலில் எழுதியது, மாற்றி எழுதியது. இரண்டிலும் தேதியும் நேரமும் அச்சாகியிருந்தன. இருபத்தெட்டு நிமிஷ வித்தியாசம்.

"இதை எழுதினது நான்தான் மேடம். முதல்ல எழுதினதுதான் சரி. மேனேஜர் மாத்தச் சொன்னார், மாத்தினேன்."

வக்கீல் எழுந்தார். அதிகாரி கையைக் காட்டி உட்காரவைத்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"யூனியன் செயலாளர் என்கிட்ட வந்து அர்த்தம் கேட்டார். பாதிதான் சொன்னேன். மீதி எனக்குத் தெரியும். என் தங்கச்சி கேட்டப்பவும் சொல்லல. அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கல, நானாத்தான் சொல்லல. அதையும் எழுதிக்கங்க."

மைக் முதன்முறையாகச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். தங்கை மேஜைத் துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வெளியே வந்து வெயிலில் நின்றபோது, பாரம் இறங்கியதாகச் சொல்வார்களே, அது இறங்குகிறதா என்று அவள் கவனித்தாள். வெயில்தான் தெரிந்தது.

பிறகு மூன்று தடவை கூடினார்கள். மேனேஜர் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் மேனேஜரின் வாக்குத்தான், ஆங்கிலம் தெரியாதவர்கள் தமிழை நம்பியது குற்றமில்லை என்றார் அதிகாரி. கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. நாற்பது பேருக்கு இங்கேயே இறக்கை பொருத்தும் பிரிவில் வேலை. மீதி இருபத்திரண்டு பேர், விருப்பப்பட்டால், பெரிய கம்பெனி இருக்கும் ஊருக்குப் போய் மெஷின் வைண்டிங்கில் சேரலாம். தங்க இடமும் உண்டு. அந்த ஒப்பந்தத்தைத் தமிழாக்க வெளியிலிருந்து ஓர் ஆளை வைத்தார்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் மைக் ஆங்கிலம், தமிழ் என்று இரண்டு பிரதிகளோடும் அவளை கேட்டில் மடக்கினார்.

"படிச்சுப் பாரு. ஆனா இந்தத் தடவை முழு அர்த்தமும் சொல்லணும்."

அவள் மதில் ஓரம் நின்று பதினாலு பக்கமும் படித்தாள். "ஒன்பதாம் பக்கத்துல கம்பெனி வேலை 'தரலாம்'னு போட்டிருக்கு, 'தர வேண்டும்'னு இருக்கணும். பதினொண்ணுலயும் அதே."

மைக் பேனாவால் சுழித்துக்கொண்டார். "உன்ன என்ன பண்றதுன்னே தெரியல எனக்கு" என்றார். திட்டா பாராட்டா என்று அவருக்கே தெரிந்திருக்காது. தொழிற்சாலையிலும் அப்படித்தான் இருந்தது. சிலர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் நீ இல்லாவிட்டால் நடுத்தெருவில் நின்றிருப்போம் என்று கையைப் பிடித்தார்கள். இரண்டும் அவளுக்கு ஒரே தூரத்திலிருந்து கேட்டன. சுற்றறிக்கைகள் இப்போது தலைமை அலுவலகத்திலிருந்தே தமிழில் அச்சாகி வந்தன. அவளை ஸ்டோருக்கு மாற்றினார்கள். திருகாணி, போல்ட், ரப்பர் வளையம் என்று பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்து, சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுக்கும் வேலை. அவள் அதையும் பிசகில்லாமல் செய்தாள்.

தங்கை வெளியூரைத் தேர்ந்தெடுத்தாள். இங்கேயே இடம் தருகிறோம் என்று யூனியன் சொல்லியும் கேட்கவில்லை. கிளம்பிய காலை இரண்டு பேரும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் போனார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு தங்கை குனிந்து, "வாடகை ரசீதெல்லாம் பீரோ மேல்தட்டுல இருக்கு. மாத்திரையை மறக்காதே" என்றாள். பஸ் கிளம்பியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "மெஷின் சுத்துதுக்கா, நாங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருக்கோம். கை சும்மா இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு" என்றாள். பழைய வேகத்தில் பாதி வந்திருந்தது. பிறகு, "ஒரு நாள் வாயேன்" என்றாள்.

"வர்றேன்."

அடுத்த ஞாயிறே போனாள். ஐந்து மணி நேரப் பயணம். ஹாஸ்டல் அறையில் மூன்று கட்டில்கள். மற்ற இரண்டு பெண்களும் துணி துவைக்கப் போயிருந்தார்கள். தங்கை தட்டில் சாப்பாடு போட்டுக் கொடுத்தாள். மெஷின் பிரிவு சூப்பர்வைசர் மூக்கால் பேசுவதை நடித்துக் காட்டினாள். மன்னிப்பு என்று யாரும் எதுவும் பேசவில்லை. கேட்க வேண்டும் என்று அக்கா வரும் வழியில் நினைத்திருந்தாள். வார்த்தைகளைக்கூட எடுத்து வைத்திருந்தாள். ஆனால் சாப்பிட்டதும் கண் சொக்கியது. தங்கையின் கட்டிலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள்.

எழுந்தபோது வெயில் சுவரின் கீழ்ப்பாதிக்கு இறங்கியிருந்தது. மேலே ஒரு போர்வை கிடந்தது. தங்கை தரையில் உட்கார்ந்து அவளுடைய பையின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அக்கா அதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள். எதையாவது உணர வேண்டும் என்று தோன்றியது. உடம்பு கனமாகவும் கதகதப்பாகவும் இருந்தது.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"ஆறரைக்கு. நேரம் இருக்கு" என்றாள் தங்கை, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "டீ போடறேன், படு."